மூளைக் கட்டி அறுவையில் ஒளிர் மூலக்கூற்றைப் பயன்படுத்தும் முறை

கிளையோபிளாஸ்டோமா போன்ற வீரியமிக்க மூளைக் கட்டியை அகற்றும்போது, கட்டி எங்கே முடிகிறது, நல்ல மூளை எங்கே தொடங்குகிறது என்பதை வெள்ளை ஒளியில் கண்ணால் பிரித்தறிவது மிகக் கடினம். கட்டியின் நடுப்பகுதி நிறத்திலும் பதத்திலும் வேறுபட்டிருக்கும். ஓரத்தை நெருங்க நெருங்க அந்த வேறுபாடு குறைந்து, புற்றுச் செல்கள் மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் பரவியிருக்கும் இடத்தில் முற்றிலும் மறைந்துவிடும். அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ படத்தைக் கொண்டு வழிகாட்டும் கருவி அரங்கில் இருந்தாலும், மண்டையோட்டைத் திறந்து, மூளைத் தண்டுவட நீர் வடிந்து, கட்டியின் ஒரு பகுதியும் வெளியே வந்த பிறகு மூளை தன் இடத்திலிருந்து நகர்ந்துவிடுவதால், படம் காட்டும் எல்லையை மில்லிமீட்டர் துல்லியத்துடன் நம்ப முடிவதில்லை. அந்த நேரத்தில், அந்தத் திசுவிலேயே, கட்டி தன்னைத் தானே காட்டிக்கொடுத்தால் மட்டுமே இந்த இடர்ப்பாடு தீரும். 5-அமினோலெவுலினிக் அமிலம் என்னும் மருந்து அதைத்தான் செய்கிறது. மருத்துவர்கள் இதை 5-ஏ.எல்.ஏ என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

இதன் பயனை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது, ஜெர்மனியில் வால்டர் ஸ்டூமர் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான வெள்ளை ஒளியிலும், மற்றப் பிரிவினருக்கு 5-ஏ.எல்.ஏ ஒளிர்வின் துணையுடனும் அறுவை செய்தார்கள். எம்.ஆர்.ஐயில் மாறுபாட்டு மருந்தை ஏற்று வெளுத்துத் தெரியும் கட்டிப் பகுதி, ஒளிர்வுப் பிரிவில் 65 விழுக்காட்டினருக்கு முழுமையாக நீங்கியிருந்தது. வெள்ளை ஒளிப் பிரிவில் இது 36 விழுக்காடு மட்டுமே. ஆறு மாதம் வரை நோய் முற்றாமல் இருந்தவர்கள் முறையே 41 விழுக்காடும் 21 விழுக்காடும் ஆவர். மொத்த ஆயுட்காலத்தில் இரு பிரிவுக்கும் இடையே உறுதியான வேறுபாட்டை அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2007-இலும் அமெரிக்கா 2017-இலும் இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தன.

இந்த வழிகாட்டி நரம்பு அறுவைப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களையும், மயக்கவியல் மருத்துவர்கள், அரங்கச் செவிலியர்கள், ஒளிர் மூலக்கூறுகளைப் பற்றி ஆராயும் மாணவர்கள் ஆகியோரையும் மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பேட்டுக்கும் மருத்துவமனையின் நெறிமுறைக்கும் இது மாற்றாகாது. இந்த மருந்தைப் பயன்படுத்தும் அறுவை மருத்துவர் அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் ஒப்புதலோடு விதிக்கப்பட்ட நிபந்தனை. அந்த நிபந்தனை எங்கும் பின்பற்றத் தக்கது என்பதே என் கருத்து.

ஒளி எங்கிருந்து வருகிறது

முதலில் இதைப் புரிந்துகொள்ளாமல் நுண்ணோக்கியின் முன் அமரக் கூடாது. 5-ஏ.எல்.ஏ தானாக ஒளிர்வதில்லை. அது நம் உடலின் ஒவ்வொரு செல்லும் ஹீம் என்னும் பொருளைத் தயாரிப்பதற்குப் பயன்படுத்தும் மூலப்பொருள். வழக்கமாக இந்த மூலப்பொருளை எவ்வளவு ஆக்குவது என்பதைச் செல் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். வாய் வழியாகப் பெருமளவில் கொடுக்கும்போது அந்தக் கட்டுப்பாடு மீறப்பட்டு, அடுத்தடுத்த வேதிப்படிகள் தங்குதடையின்றி நடந்து, கடைசிக்கு முந்தைய படியில் புரோட்டோபார்ஃபைரின் என்னும் பொருள் உருவாகிறது. ஒளிர்வது இதுதான். நலமான செல்லில் ஃபெர்ரோகெலட்டேஸ் என்னும் நொதி இதனுள் இரும்பைச் சேர்த்து விரைவாக ஹீமாக மாற்றிவிடுகிறது; ஹீம் ஒளிர்வதில்லை. கிளையோமா என்பது மூளையின் துணைச் செல்களில் எழும் கட்டி. வீரியமிக்க கிளையோமாச் செல்லில் அந்த நொதியின் செயல் குன்றியிருப்பதாலும், இரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் புகாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பு கட்டியுள்ள இடத்தில் சிதைந்து மருந்து உள்ளே நுழைவதாலும், புரோட்டோபார்ஃபைரின் தேங்கி நிற்கிறது. சுமார் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா-நீல ஒளி அதன்மேல் படும்போது, 635 நானோமீட்டருக்கு அருகில் சிவப்பாக அது ஒளிர்கிறது.

அறுவையின்போது எழும் பெரும்பாலான கேள்விகளுக்கு இந்தப் பத்தியிலேயே விடை இருக்கிறது. ஒளி தோன்ற வேண்டுமென்றால் மருந்து அங்கே சென்றிருக்க வேண்டும்; அதை மாற்றியமைக்க உயிருள்ள செல் இருக்க வேண்டும்; அதற்குப் போதிய நேரம் கடந்திருக்க வேண்டும்; பார்க்கும் ஒளி அந்த இடத்தை எட்ட வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் கட்டி இருந்தும் ஒளி இராது.

யாருக்குக் கொடுக்கலாம்

எம்.ஆர்.ஐயில் மாறுபாட்டு மருந்தை ஏற்கும், மூன்றாம் அல்லது நான்காம் நிலைக் கிளையோமா என்று ஐயுறப்படும் கட்டிகளில்தான் இம்முறை நன்கு பயன்படுகிறது. நிலை குறைந்த கிளையோமாக்களில் பெரும்பாலானவை ஒளிர்வதில்லை. ஆனால் அத்தகைய கட்டிக்குள் ஒரு சிறு புள்ளி மட்டும் ஒளிர்ந்தால், அந்த இடத்தில் கட்டி வீரியமடையத் தொடங்கியிருக்கக் கூடும். அந்தப் புள்ளியிலிருந்து தனியே திசு மாதிரி எடுத்தால் நோயின் நிலையைக் குறைத்து மதிப்பிடும் தவறு நேராது.

மருந்து கொடுக்கும் முன் போர்ஃபிரியா என்னும் பரம்பரை நோய் நோயாளிக்கோ குடும்பத்தினருக்கோ உண்டா என்று கேட்பது கட்டாயம். அந்நோய் இருந்தால் இம்மருந்தை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. கருவுற்ற பெண்களுக்கு இது பரிந்துரைக்கப்படவில்லை. கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு எச்சரிக்கை தேவை. டெட்ராசைக்ளின், சல்ஃபா, ஃபுளூரோகுயினோலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் தோலை ஒளிக்குக் கூசச் செய்பவை என்பதால், மருந்துக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரம் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மூலிகை மருந்துகளைப் பற்றியும் தனியாகக் கேட்க வேண்டும். பலர் அவற்றை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகையில் ஒளிக்கூச்சம் உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

பேச்சுத் தடுமாற்றம், பார்வைக் குறைவு, கைகால் தளர்ச்சி போன்ற குறைகளுடன் வந்து, ஸ்டீராய்டு கொடுத்தும் அவை சற்றும் தேறாத நோயாளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஸ்டீராய்டுக்குத் தேறும் குறை வீக்கத்தால் வந்தது. தேறாத குறை, கட்டி செயல் நரம்புகளுக்குள்ளேயே புகுந்திருப்பதைக் காட்டுவது. இவர்களிடம் ஒளியைத் தொடர்ந்து சென்று அறுப்பது புதிய ஊனத்தை உண்டாக்கும் வாய்ப்பு மிகுதி. அறுவையின் இலக்கு எது என்பதை நோயாளியோடும் குடும்பத்தோடும் முன்பே பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

அளவும் நேரமும்

அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு குப்பியில் 1.5 கிராம் தூள் இருக்கும். அதை 50 மில்லிலிட்டர் குடிநீரில் கரைத்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற கரைசல் கிடைக்கும். ஆகவே 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,200 மில்லிகிராம், அதாவது 40 மில்லிலிட்டர் கரைசல் போதும். 80 கிலோ எடையுள்ளவருக்கு 1,600 மில்லிகிராம் தேவைப்படுவதால் ஒரு குப்பி போதாது. இரண்டாவது குப்பியைக் கரைத்துச் சற்றேறக்குறைய 53 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும். நோயாளி சொல்லும் எடையை நம்பாமல், முந்தைய நாள் எடைபார்த்து, கணக்கை இருவர் தனித்தனியே போட்டு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

மயக்கம் கொடுப்பதற்கு 3 மணி நேரம் முன்னதாகக் கரைசலைக் குடிக்கச் செய்ய வேண்டும். 2 முதல் 4 மணி நேரம் என்பது ஏற்கப்பட்ட வரம்பு. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய நோயாளிக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். தெளிந்த நீர்மம் மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை ஏற்கத்தக்கதே என்பதால் இதில் முரண்பாடு இல்லை. ஆனால் இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு அது எழுத்தில் தெரிவிக்கப்படாவிட்டால், 'எதுவும் வாய்வழி கொடுக்கக் கூடாது' என்ற பலகையைப் பார்த்து மருந்தை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. கட்டியும் மூளை அழுத்தமும் உள்ளவர் வாந்தியெடுக்கக் கூடும் என்பதால், மருந்தை விழுங்கும்வரையிலும் அதன்பின் சிறிது நேரமும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். குடித்த நிமிடத்தைக் குறிப்பேட்டில் பதிவது மிக முக்கியம். அன்றைய கணக்கு முழுவதும் அந்த நிமிடத்திலிருந்தே ஓடுகிறது.

கட்டியின் ஒளிர்வு உச்சத்தை அடைவது மருந்து குடித்த 6 முதல் 8 மணி நேரத்துக்குள். காலை 5 மணிக்குக் குடித்து, 8 மணிக்கு மயக்கம் கொடுத்து, தலையைப் பொருத்தி, மண்டையோட்டைத் திறந்து, 11 மணியளவில் கட்டியை எட்டினால், ஓரங்களைப் பார்த்து முடிவெடுக்கும் நேரம் உச்சத்தோடு சரியாகப் பொருந்திவிடும். ஆகையால் இவ்வறுவையை அன்றைய பட்டியலில் முதலாவதாக வைப்பதே முறை. இரண்டாவதாக வைத்தால், முந்தைய அறுவை நீளும்போது இந்தக் கணக்கு குலைகிறது. அறுவை 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால், அடுத்த நாளோ அதற்குப் பிறகோ மாற்றிவைத்து, மீண்டும் முழு அளவு கொடுத்துத் தொடங்க வேண்டும்.

அரங்கை ஆயத்தம் செய்தல்

நுண்ணோக்கியில் நீல ஒளி வீசும் ஏற்பாடும், அந்த நீலத்தைப் பெருமளவு தடுத்துச் சிவப்பைக் கண்ணுக்கு விடும் வடிகட்டியும் இருக்க வேண்டும். விளக்கின் ஆயுள் குறைந்திருந்தால் வெள்ளை ஒளியில் அது தெரியாது. நீல ஒளியில் பளிச்சென்று தெரியும் கட்டியும் மங்கலாகிவிடும். எனவே நோயாளி அரங்குக்கு வருமுன் நீல ஒளியை ஏற்றிப் பார்ப்பதும், விளக்கு எரிந்த நேரத்தைச் சரிபார்ப்பதும் தொழில்நுட்பரின் வேலைப் பட்டியலில் இருக்க வேண்டும். நீல ஒளியில் பார்க்கும்போது மேல் விளக்குகள் அணைந்து, சன்னல் திரைகள் மூடியிருக்க வேண்டும். திரையில் தெரியும் படமும் நுண்ணோக்கியின் கண்ணாடி வழியே தெரியும் காட்சியும் ஒன்றல்ல. படக்கருவி மெல்லிய இளஞ்சிவப்பைத் தவறவிடக் கூடும். முடிவுகளைக் கண்ணாடி வழியே பார்த்தே எடுக்க வேண்டும்.

நோயாளியின் தோலும் இப்போது ஒளிக்குக் கூசும் நிலையில் இருக்கிறது. அறுவைப் பகுதியைத் தவிர மற்ற இடங்களைத் துணியால் மூடி, பலமான விளக்குகள் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம் தாழ்வது இம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு என்பதால் மயக்கவியல் மருத்துவர் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

நிறத்தைப் படித்தல்

மூளை உறையைத் திறந்ததும், எதையும் வெட்டுமுன் ஒருமுறை நீல ஒளியில் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். நலமான மூளை நீலமாகவே தெரியும். கட்டி மேற்பரப்பை எட்டியிருந்தால் எந்த இடத்தில் நுழைவது என்பதை அப்போதே அது சொல்லிவிடும். பிறகு வெள்ளை ஒளியில் கட்டியின் நடுப்பகுதியைக் குறைத்து, ஓரத்தை நெருங்கும்போது நீலத்துக்கும் வெள்ளைக்கும் மாறி மாறி வேலை செய்வதே பொதுவான வழக்கம். நீல ஒளியிலேயே நெடுநேரம் அறுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. அந்த ஒளியில் இரத்தம் கறுத்துத் தெரிவதால் கசியும் நாளத்தைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும். கட்டிக்குள் புகுந்து நல்ல மூளைக்குச் செல்லும் நாளத்தை வெள்ளை ஒளியில் மட்டுமே நம்பிக்கையோடு அடையாளம் காண முடியும்.

கண்ணுக்குத் தெரிவது மூன்று வகை. அடர்ந்து எரியும் சிவப்பு, கட்டிச் செல்கள் நெருங்கிக் கிடக்கும் திண்மையான பகுதி. இங்கே எடுக்கும் மாதிரியில் கட்டி இருப்பது ஏறக்குறைய உறுதி. அதைச் சூழ்ந்த வெளிர் இளஞ்சிவப்பு, கட்டிச் செல்கள் மூளைத் திசுவோடு கலந்து ஊடுருவியிருக்கும் வளையம். இங்கும் பெரும்பாலான மாதிரிகளில் கட்டிச் செல்கள் இருக்கின்றன, ஆனால் அடர்த்தி குறைவு, இடையில் வேலை செய்யும் மூளையும் இருக்கிறது. அதற்கும் வெளியே நீலம். இளஞ்சிவப்பு வளையம் பல நேரங்களில் எம்.ஆர்.ஐயில் வெளுத்துத் தெரிந்த எல்லையைத் தாண்டியும் செல்லும். அதைக் கண்டதும் படத்தில் இல்லையே என்று புறக்கணிப்பதும், ஒளிர்கிறதே என்று கண்மூடித்தனமாகத் தொடர்வதும் ஒருசேரத் தவறானவை.

ஒளிர்ந்தும் கட்டியில்லாத இடங்கள் சில உண்டு. மூளையின் நீரறைச் சுவர் கட்டி தொடாமலே ஒளிரக் கூடும். முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று மீண்டும் வந்த கட்டியில், அழற்சியும் வடுவாகும் திசுவும் மெல்லிய இளஞ்சிவப்பைக் காட்டக் கூடும். ஆகவே மறு அறுவைகளில் இளஞ்சிவப்பின் பொருளைச் சற்றுத் தளர்த்தியே எடுத்துக்கொள்ள வேண்டும்; அடர் சிவப்பின் பொருள் பெரிதும் மாறுவதில்லை.

ஒளி தெரியாதபோது செய்ய வேண்டியவை

என் கருத்தில் இம்முறையைக் கற்பவர் மிகுந்த நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். சிவப்பு தெரிந்தால் எவரும் பார்த்துவிடுவார்கள். ஒரு குழியின் சுவர் முழுதும் நீலமாகத் தெரியும்போது, அது கட்டியற்றதா, கட்டி மறைந்திருக்கிறதா என்று கேட்கும் பழக்கமே நோயாளிக்கு நன்மை செய்கிறது.

முதலில் இரத்தம். ஒரு மெல்லிய படலம் போதும், உள்ளே செல்லும் நீல ஒளியையும் வெளியே வரும் சிவப்பையும் அது விழுங்கிவிடும். உப்புநீரால் கழுவி, இரத்தக்கசிவை நிறுத்தி, பஞ்சுப் பட்டைகளையும் இரத்தம் நிறுத்தும் பொருள்களையும் முற்றிலும் எடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அடுத்தது கோணம். குழியின் விளிம்புகள் தொங்கி நின்றால் அவற்றின் கீழே நீல ஒளி எட்டாது; ஒளி எட்டாத இடம் ஒளிராது. நுண்ணோக்கியைச் சாய்த்து, விளிம்பை மெல்ல ஒதுக்கி, ஒவ்வொரு சுவரையும் இயன்றவரை நேர்க்கோணத்தில் பார்க்க வேண்டும். ஆழமான குறுகிய குழியில் தொலைவு கூடக்கூட ஒளி வலுவிழப்பதால், மங்கலான இளஞ்சிவப்பு முதலில் மறைந்துபோகும்.

மூன்றாவது, ஒளியே ஒளிர்வைத் தின்பது. புரோட்டோபார்ஃபைரின் ஒளி படப்படச் சிதைகிறது. நீல ஒளியில் ஏறத்தாழ 25 நிமிடத்திலும், வெள்ளை ஒளியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலும் ஒளிர்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இது ஒளி பட்ட மேற்பரப்புக்கு மட்டுமே நேர்வது. சற்று ஆழத்தில் உள்ள திசு பழைய வலிமையோடு இருக்கும். ஆகவே நெடுநேரம் திறந்து கிடந்த சுவர் மங்கியிருந்தால், மேல் அடுக்கிலிருந்து ஒரு சிறு பகுதியை உறிஞ்சிவிட்டுப் பார்ப்பது சரியான சோதனை. வேலை செய்யாத சுவரைப் பஞ்சுப் பட்டையால் மூடி வைப்பதும் நல்ல பழக்கம். ஒளிர்வு சில மில்லிமீட்டர் ஆழத்திலிருந்துகூட மேலே வருவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நீல ஒளி திசுவுக்குள் மிகச் சிறிதளவே நுழைகிறது. மேலே மெல்லிய நல்ல திசு படிந்திருந்தால் கீழே உள்ள திண்கட்டியும் தெரியாது. எனவே ஒளிர்வை மட்டும் நம்பாமல், அறுவை அரங்கில் உள்ள அல்ட்ராசவுண்டையோ வழிகாட்டும் கருவியையோ சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, அழுகிய நடுப்பகுதி. அங்கே உயிருள்ள செல் இல்லாததால் ஒளியும் இல்லை. நடுவில் கறுப்பைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாமல் ஓரத்தை நோக்கிச் செல்ல வேண்டும். எங்குமே ஒளியில்லை என்றால், குடித்த நேரம், குடித்த அளவு, வாந்தி, விளக்கு, வடிகட்டி ஆகியவற்றை இந்த வரிசையில் சரிபார்த்துவிட்டு, கட்டியின் நிலை குறைவாக இருக்கலாமோ என்று எண்ணி, திசுவை உறையவைத்து அறுவையின்போதே பார்க்கும் உறைதிசுப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் நீலமாகவே இருக்கும் சுவரில் கட்டிச் செல்களே இல்லை என்று பொருளாகாது. கண்ணுக்குத் தெரியும் ஒளிர்வுக்குக் குறிப்பிட்ட அளவு செல் அடர்த்தி வேண்டும். அதற்குக் கீழே சிதறிக் கிடக்கும் செல்கள் ஒளிர்வுக்கு அப்பாலும் இருக்கின்றன என்பதை ஒளிராத இடத்து மாதிரிகள் அடிக்கடி காட்டியிருக்கின்றன. கதிர்வீச்சும் மருந்துச் சிகிச்சையும் அறுவைக்குப் பின் தொடர்வது அதனால்தான். நோயாளிக்கு விளக்கும்போது 'ஒளிர்ந்ததையெல்லாம் எடுத்துவிட்டோம்' என்று சொல்லலாம். 'கட்டி முழுதும் போய்விட்டது' என்று சொல்லக் கூடாது.

எங்கே நிறுத்துவது

புரோட்டோபார்ஃபைரினுக்குக் கையசைக்கும் நரம்புப் பாதை எது, பேச்சுப் பகுதி எது என்று தெரியாது. உடலசைவை ஆளும் இயக்கப் புறணிக்கு அருகில் கட்டி இருந்தால் தசை இயக்கத் தூண்டல் பதிவுகளும், பேச்சுப் பகுதிக்கு அருகில் இருந்தால் விழிப்பு நிலை அறுவையும் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டும். ஆழ்திசுவை மின்தூண்டலால் சோதிக்கும்போது, அசைவை உண்டாக்கத் தேவைப்படும் மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியர் குறையும்போது இயக்கப் பாதை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நெருங்குகிறது என்ற தோராயக் கணக்கைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒளிர்வும் மின்தூண்டலும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் மின்தூண்டல் சொல்வதையே கேட்க வேண்டும். அங்கே சிவப்பை விட்டுவிட்டு வெளியே வருவது தோல்வியல்ல. நோயாளி தன் கையால் எழுதவும் தன் வாயால் பேசவும் முடிவதும் சிகிச்சையின் இலக்குதான்.

முடிக்கும் முன் சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும், செயல்பாட்டுக்குத் தீங்கில்லாத வரையில், தனித்தனிப் புட்டியில் மாதிரி எடுத்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி நோய்க்கூறியல் துறைக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டால் கட்டி எது என்பது மட்டும் தெரியவரும். தங்கள் கண்ணும் தங்கள் நுண்ணோக்கியும் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதைக் குழு ஒருபோதும் கற்றுக்கொள்ள முடியாது.

அறுவைக்குப் பின்

மருந்து குடித்ததிலிருந்து குறைந்தது 24 மணி நேரம் பலமான ஒளியும் நேர் வெயிலும் தோலிலும் கண்ணிலும் படக் கூடாது. அமெரிக்கக் குறிப்பேடு 48 மணி நேரம் என்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சன்னலோரப் படுக்கையைத் தவிர்த்து, பரிசோதனை விளக்கை முகத்தின்மேல் வைக்காமல் இருந்தாலே பெரும்பாலும் போதும். வெயிலுக்குப் பூசும் சாதாரணக் களிம்பு புறஊதாக் கதிரைத்தான் தடுக்கும், இந்த மூலக்கூற்றைத் தூண்டும் கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் தடுக்காது என்பதால் அதை நம்பக் கூடாது. கல்லீரல் நொதிகள் சில நாட்கள் உயர்ந்து தாமே இறங்கும். அதற்கெனச் சோதித்துப் பார்ப்பதும், கல்லீரலைப் பாதிக்கும் மருந்துகளை முதல் 24 மணி நேரம் தவிர்ப்பதும் வழக்கம். எஞ்சிய கட்டியை அளக்கும் எம்.ஆர்.ஐயை 72 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால், அறுவையால் வந்த மாற்றங்களும் வெளுத்துத் தெரிந்து, எது எஞ்சிய கட்டி என்பது குழம்பிவிடும்.

வேறு கட்டிக்கு வேறு மூலக்கூறு

ஒரு புதிய ஒளிர் மூலக்கூற்றை எடுத்துக்கொள்ளும்போதும் மேலே கேட்ட கேள்விகளையே கேட்க வேண்டும்: அது கட்டியை எந்த வழியில் அடைகிறது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்த நிற ஒளியில் பார்க்க வேண்டும், எப்போது பொய் சொல்லும். ஃபுளூரசீன் என்னும் மஞ்சள் சாயத்தை அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் மூர் 1940-களின் பிற்பகுதியிலேயே மூளைக் கட்டிக்குப் பயன்படுத்தினார். விலை குறைந்த அந்தச் சாயம் இன்றும் பயன்படுகிறது. மயக்கம் தொடங்கும்போது சிரையில் செலுத்தினால் போதும். ஆனால் அது செல்லை அடையாளம் காண்பதில்லை. இரத்த-மூளைத் தடுப்பு எங்கே சிதைந்திருக்கிறதோ அங்கே கசிகிறது, அறுவையால் காயமுற்ற இடத்திலும் கசியும். இண்டோசயனின் கிரீனும் அத்தகைய பொதுச் சாயமே. அது கல்லீரல் வழியே பித்தத்தில் வெளியேறுவதால், கல்லீரல் கட்டியில் வெளியேற வழியின்றித் தேங்கி ஒளிர்கிறது. நன்கு முதிர்ந்த செல்களைக் கொண்ட கல்லீரல் புற்று முழுதாகவும், வேறிடத்திலிருந்து பரவி வந்த கட்டி விளிம்பில் மட்டும் வளையமாகவும் தெரியும்.

குறிப்பிட்ட இலக்கைத் தேடிப் பிடிக்கும் மூலக்கூறுகளின் வரலாற்றில், 2011-இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் சூலகப் புற்று நோயாளிகளுக்கு முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்ட ஃபோலேட் இணைத்த பச்சைச் சாயத்துக்குத் தனி இடமுண்டு. சூலகப் புற்றுச் செல்கள் பலவற்றின் மேல், ஃபோலேட் என்னும் வைட்டமினைப் பற்றும் ஏற்பி மிகுந்திருப்பதை அது பயன்படுத்திக்கொண்டது. ஆயினும் உடல் திசு பச்சை ஒளியில் இயல்பாகவே சற்று ஒளிர்வதாலும், இரத்தத்தின் ஹீமோகுளோபின் அந்த ஒளியை விழுங்குவதாலும், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருந்த கட்டிகூட மறைந்தது. அதே வழியைப் பின்பற்றி, சாயத்தை மட்டும் சுமார் 800 நானோமீட்டரில் ஒளிரும் அகச்சிவப்பண்மைச் சாயமாக மாற்றியமைத்த பாஃபோலாசியானின், அமெரிக்காவில் 2021-இல் சூலகப் புற்றுக்கும் 2022-இல் நுரையீரல் கட்டிகளுக்கும் ஒப்புதல் பெற்றது. கிலோவுக்கு 0.025 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவை ஒரு மணி நேரத்தில் சிரை வழி ஏற்றி, சூலக அறுவை என்றால் 1 முதல் 9 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். அறுவைக்கு முந்தைய 48 மணி நேரத்தில் நோயாளி ஃபோலிக் அமில மாத்திரையோ அது கலந்த சத்து மாத்திரையோ எடுத்தால் ஏற்பிகள் முன்பே நிரம்பிக் கட்டி ஒளிராமல் போகும். மகளிர் நோய்ப் பிரிவில் இந்த மாத்திரை மிகச் சாதாரணமானது என்பதால், சேர்க்கைப் படிவத்திலேயே இந்தக் கேள்வி அச்சாகியிருப்பது நல்லது.

எதிர்ப்பொருளோடு இணைத்த சாயங்கள் பெரிய மூலக்கூறுகள் என்பதால் இரத்தத்திலிருந்து விலகிக் கட்டியில் தங்க நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுக்கான ஹெக்ஸாமினோலெவுலினேட், 5-ஏ.எல்.ஏயின் நெருங்கிய உறவு. குழாய் வழியே பைக்குள் செலுத்தி ஒரு மணி நேரம் வைத்திருந்து, நீல ஒளியில் உள்நோக்கியால் பார்க்க வேண்டும், சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் பி.சி.ஜி சிகிச்சையை அண்மையில் பெற்றவரிடம் அழற்சியும் ஒளிரும்.

மார்பகக் கட்டியை மட்டும் அகற்றி மார்பைக் காக்கும் அறுவைக்கு, 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெகுலிசியானின் வேறொரு வழியில் செல்கிறது. செலுத்தும்போது அதன் ஒளிர்வு அடக்கப்பட்டிருக்கும். கட்டியிலும் அதைச் சூழ்ந்த இடத்திலும் மிகுந்திருக்கும் கதெப்சின் போன்ற நொதிகள் அதை வெட்டிய பிறகே ஒளிர்கிறது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராமை அறுவைக்கு 2 முதல் 6 மணி நேரம் முன் சிரையில் செலுத்தி, கட்டியை எடுத்த பின் எஞ்சிய குழியின் சுவரைக் கையடக்கக் கருவியால் பார்க்கிறார்கள். வெளியே எடுத்த கட்டியின் விளிம்பை ஆராய்வதைக் காட்டிலும், உடலில் மிச்சமிருக்கும் சுவரையே ஆராய்வது பொருத்தமான எண்ணம் என்பேன். ஆனால் இம்மருந்து சிலருக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கியிருக்கிறது. குறிப்பேட்டின் தலைப்பிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை இருக்கிறது. செலுத்துவது அறுவை அரங்குக்கு வெளியே, காத்திருப்பு அறையில் நடப்பதால், அட்ரினலின், ஆக்சிஜன், மூச்சுக்குழாய் பொருத்தும் கருவிகள், அவற்றைக் கையாளத் தெரிந்த ஒருவர் ஆகிய அனைத்தும் அந்த அறையிலேயே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும். செலுத்தும்போதும் அதன் பின்னும் நோயாளியைத் தனியே விடக் கூடாது.